கத்தரி புதராகிறது, பூ பச்சையாகிறது: ஆய்வுக்கூடத்தில் வளராத பாக்டீரியா என்கிறார்களே?

மானாவாரி (கல்லல்):
எல்லோருக்கும் வணக்கம். கிணற்றுத் தண்ணீரில் கத்தரி போட்டிருக்கிறேன். வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மட்டும் அடையாளமே மாறி நிற்கின்றன. இலை சிறுத்து, மெலிந்து, வெளிர் மஞ்சளாகிவிட்டது. கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லை; பக்கக் கிளையாக வெடித்து ஒரே புதர். பூ எடுத்தாலும் ஊதா நிறம் வரவில்லை, இதழெல்லாம் பச்சை. காய் கிடையாது. மருந்துக் கடையில் பூஞ்சாணக்கொல்லி கொடுத்தார்கள், அடித்தும் மாற்றமில்லை. பக்கத்துக் காட்டு எள்ளிலும் காய் பிடிக்க வேண்டிய இடத்தில் இலைக் கொத்துதான் இருக்கிறது. வைரஸ் என்கிறார் ஒருவர், சத்துக்குறை என்கிறார் இன்னொருவர். ஊர்த் தம்பி ஒருவர், "அது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவே முடியாத பாக்டீரியா அண்ணே" என்றார். எதை நம்புவது? மீதிச் செடியைக் காப்பாற்ற முடியுமா? படம் போட்டிருக்கிறேன்.

பழைய ஏஓ (தேவகோட்டை):
படத்தில் இருப்பது சிற்றிலை நோய். 1939-லேயே கோயம்புத்தூரில் தாமஸ், கிருஷ்ணசாமி இருவரும் இது செடிக்குச் செடி தொற்றக்கூடிய நோய் என்று எழுதியிருக்கிறார்கள். வெகுகாலம் வைரஸ் என்றே எண்ணப்பட்டது. தத்துப்பூச்சிதான் பரப்புகிறது. புதரான செடி இனிக் காய்க்காது. தயங்காமல் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பூஞ்சாணக்கொல்லிக்கு இனிமேல் காசு செலவழிக்காதீர்கள், இது பூஞ்சாணமே இல்லை.

நுண்ணோக்கி (காரைக்குடி):
ஏஓ (வேளாண் அலுவலர்) சார் சொன்னது சரி. நான் நுண்ணுயிரியலில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன் அண்ணே.

இதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்கிற பாக்டீரியா. மற்ற பாக்டீரியாவுக்கு இருக்கிற செல் சுவர் இதற்குக் கிடையாது. செடியில் இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் சல்லடைக் குழாய்களுக்குள் மட்டுமே வாழும். அந்தக் குழாயில் ஊசி போட்டு உறிஞ்சுகிற தத்துப்பூச்சியின் வயிற்றுக்குள் போகும், குடலைத் துளைத்து உடல் திரவத்தில் பெருகும், உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதன்பிறகு அந்தப் பூச்சி சாகும்வரை உட்காரும் செடிக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கத்தரியில் இந்த வேலையைச் செய்வது ஹிஷிமோனஸ் பைசிடிஸ் என்கிற தத்துப்பூச்சி. எள்ளில் ஒரோசியஸ் அல்பிசிங்டஸ் என்கிற வேறொரு தத்துப்பூச்சி. எள்ளில் நீங்கள் பார்த்ததும் பைட்டோபிளாஸ்மா வேலைதான், பூ இலையாக மாறுகிற இதைப் பில்லோடி என்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே கிருமி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பைட்டோபிளாஸ்மாவில் பல குழுக்கள் உண்டு. நம் நாட்டுக் கத்தரிச் சிற்றிலை பெரும்பாலும் 6-வது குழு. எள்ளில் 1, 2, 9 என்று வெவ்வேறு குழுக்கள் பதிவாகியிருக்கின்றன.

ஒரு நல்ல செய்தி. பிடுங்குகிற கையாலோ அரிவாளாலோ இது பரவாது. சாறு பட்டு ஒட்டுகிற நோய் இல்லை. பூச்சி, ஒட்டுக்கட்டுதல், அப்புறம் செடிகளைச் சுற்றிப் படர்ந்து உறிஞ்சும் அம்மையார் கூந்தல் கொடி, இவை மூலம்தான் போகும்.

வேதியியல் வாத்தியார் (புதுவயல்):
எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. ராபர்ட் காக் சொன்ன விதியை நாங்களும் படித்திருக்கிறோம். நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரிக்க வேண்டும், தனியாக வளர்க்க வேண்டும், நலமான உடலில் செலுத்தி அதே நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். வளர்க்கவே முடியாது என்றால் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறீர்கள். அப்படியிருக்க "இதுதான் காரணம்" என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? நோயுற்ற செடியில் அது சும்மா வந்து குடியிருக்கும் கிருமியாகவும் இருக்கலாமே. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

நுண்ணோக்கி (காரைக்குடி):
சார், இந்தத் துறையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்தது. வளர்க்க முடியாத கிருமி புதிதல்ல. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்தார். இன்றுவரை அதை ஆய்வுக்கூட ஊடகத்தில் யாரும் வளர்த்ததில்லை. எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்ற விலங்கின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள். அதற்காகத் தொழுநோய்க்குக் காரணம் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

பைட்டோபிளாஸ்மாவில் ஆதாரம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1967-ல் ஜப்பானில் தோய் என்பவரும் அவருடைய குழுவும், குட்டையாகிப்போகும் நோய் பிடித்த மல்பெரிச் செடியின் சல்லடைக் குழாயை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வைரஸைத் தேடினார்கள், வைரஸ் இல்லை. சுவர் இல்லாத குட்டி பாக்டீரியாக்கள் இருந்தன. அதே ஆண்டு அதே ஜப்பானில் இன்னொரு சோதனை. நோயுற்ற மல்பெரிக்கு டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால் அறிகுறி தணிந்தது. வைரஸுக்கு டெட்ராசைக்ளின் வேலை செய்யாது. பென்சிலினுக்கு இந்த வகை நோய்கள் அசையவில்லை, ஏனென்றால் பென்சிலின் தாக்குவது செல் சுவரை. சுவரே இல்லாததை அது என்ன செய்யும்? ஆக, எந்த மருந்துக்குப் பணிகிறது, எதற்குப் பணியவில்லை என்பதிலிருந்தே கிருமியின் குணம் தெரிந்துவிட்டது.

அடுத்தது, ஆய்வுக்கூடத் தட்டுக்குப் பதிலாகச் செடியிலேயே வளர்ப்பது. நம் ஊர் வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணிதான் உலகம் முழுக்க இந்த ஆய்வுக்கு உதவும் செடி. நோயுள்ள செடியையும் நித்தியகல்யாணியையும் அம்மையார் கூந்தல் கொடியால் இணைத்துவிட்டால் கிருமி கொடி வழியாகக் கடந்து போகும். பிறகு ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பூச்சியை நோயுள்ள செடியில் உறிஞ்சவிட்டு, நலமான செடிக்கு மாற்றி, நோய் வருகிறதா என்று பார்ப்பதும் இதே வரிசையில் வருகிறது.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு நேரான பதில் இதற்கெல்லாம் பிறகு வந்தது. இங்கிலாந்தில் நார்விச்சில் ஜான் இன்னஸ் மையத்தில் சாஸ்கியா ஹோகன்ஹவுட் குழு, பைட்டோபிளாஸ்மா செடிக்குள் சுரக்கும் சாப்54 என்ற ஒரு புரதத்தின் மரபணுவை மட்டும் எடுத்து அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியில் வைத்தார்கள். பாக்டீரியா உள்ளே இல்லை. அந்த ஒரு மரபணு மட்டும்தான். செடி இலை மாதிரிப் பச்சைப் பூ பூத்தது. இதை 2011-ல் வெளியிட்டார்கள். ஜப்பானியர்கள் 2009-லேயே டெங்கு என்று பெயரிட்ட இன்னொரு சிறு புரதத்தைக் காட்டியிருந்தார்கள் (நம் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அதை மட்டும் வைத்தால் செடி குட்டையாகிக் கிளை கிளையாக வெடித்தது. கிருமியைத் தனியாக வளர்க்காமலே, அதன் எந்தக் கருவி எந்த அறிகுறியை உண்டாக்குகிறது என்று பிரித்துக் காட்டிவிட்டார்கள். சும்மா குடியிருக்கும் கிருமியாக இருந்தால் இது நடக்காது.

வேதியியல் வாத்தியார் (புதுவயல்):
இது நல்ல பதில். பென்சிலின், டெட்ராசைக்ளின் ஒப்பீட்டை என் வகுப்பிலேயே சொல்லலாம். சரி, ஏன் வளரவில்லை? சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு எல்லாம் கலந்து கொடுத்தால் போதாதா?

நுண்ணோக்கி (காரைக்குடி):
அதற்கும் மரபணுத் தொகுப்பில்தான் விடை இருக்கிறது சார். வெங்காயத்தை மஞ்சளாக்கும் பைட்டோபிளாஸ்மாவின் தொகுப்பை 2004-ல் முழுதாகப் படித்தார்கள். சுமார் 8.6 லட்சம் எழுத்துகள். நம் குடலில் இருக்கிற ஈ.கோலைக்கு 46 லட்சம். உடம்புக்கு வேண்டியதைத் தானே தயாரிக்கும் மரபணுக்களில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கிறது. செல்லுக்கு எரிபொருளான ஏடிபியைத் தயாரிக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதிக்கான மரபணுக்கள்கூட இல்லை. சமையல்கட்டே இல்லாமல், வீட்டுக்காரர் வீட்டுச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளும் குடித்தனக்காரர் மாதிரி அது. எதை எதை எந்த அளவில் எந்த வழியாக வாங்கிக்கொள்கிறது என்று முழுதாகத் தெரிந்தால்தான் வெளியே ஊட்டிவிட முடியும். சல்லடைக் குழாயின் அழுத்தமும் சர்க்கரைச் செறிவும் வேறு. அது இருக்கும் இன்னொரு வீடு பூச்சியின் உடம்பு. அங்கே சூழலே தலைகீழ்.

2012-ல் இத்தாலியில் ஒரு குழு தனி ஊடகத்தில் வளர்த்ததாக அறிவித்தது. ஆனால் எல்லா ஆய்வுக்கூடத்திலும் வழக்கமாகச் செய்யும் முறையாக அது மாறவில்லை. அதனால்தான் இன்றும் இவற்றின் அறிவியல் பெயருக்கு முன்னால் கேண்டிடேட்டஸ் என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். தனி வளர்ப்பு இல்லாமல் முழுப் பெயர் கிடைக்காது. இதற்கு உறவான ஸ்பைரோபிளாஸ்மா சிட்ரி என்ற எலுமிச்சை இனக் கிருமியை 1971-லேயே வளர்த்துவிட்டார்கள். அதனால் இது நடக்கவே நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை.

மானாவாரி (கல்லல்):
தங்கச்சி, பாதி புரிந்தது, பாதியைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். பூவை இலையாக்குவதால் அந்தக் கிருமிக்கு என்ன லாபம்? செடி விதை கொடுக்காவிட்டால் அதுவும்தானே அழியும்?

நுண்ணோக்கி (காரைக்குடி):
அண்ணே, விதை வழியாகப் போகிற கிருமியாக இருந்தால் உங்கள் கணக்கு சரி. இது பூச்சி வழியாகப் போவது. பூவும் காயும் இல்லாமல் இளம் இலையாகவே தள்ளுகிற செடி தத்துப்பூச்சிக்குப் பிடித்த மேய்ச்சல். 2014-ல் அதே நார்விச் குழு, சாப்54 இருக்கும் செடிக்குத் தத்துப்பூச்சி அதிகமாக வருகிறது என்று காட்டியது. சாப்11 என்ற இன்னொரு புரதம், பூச்சிக்கு எதிராகச் செடி பயன்படுத்தும் ஜாஸ்மோனிக் அமிலத் தற்காப்பைக் குறைக்கிறது. அந்தச் செடியில் தத்துப்பூச்சி கூடுதலாகக் குஞ்சு பொரிக்கிறது. செடியின் சந்ததியைக் கெடுத்துப் பூச்சியின் சந்ததியைப் பெருக்குகிறது. உங்கள் வயலில் புதராகி நிற்கும் ஒவ்வொரு செடியும் பூச்சியைக் கூப்பிட்டு, கிருமியை ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏஓ சார் தயங்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பழைய ஏஓ (தேவகோட்டை):
இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அறிகுறி தெரியும்போது தொற்று நடந்து பல வாரம் ஆகியிருக்கும். அதனால் புதர் தெரிந்த பிறகு மருந்தை வாரி அடிப்பது பெரும்பாலும் வீண். பூச்சியைத் தடுக்க வேண்டிய காலம் நாற்றங்காலும் நட்ட முதல் சில வாரங்களும்தான். நாற்றங்காலுக்கு வலை கட்டுங்கள். மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள், பூச்சி வரத்து எப்போது கூடுகிறது என்று தெரியும். வேப்பெண்ணெய்க் கரைசலை இளம் பருவத்திலேயே தொடங்குங்கள். வரப்பில் ஊமத்தை, நித்தியகல்யாணி இருந்தால் எடுத்துவிடுங்கள். அறுவடை முடிந்த கத்தரியை மறுதாம்புக்கு விட்டுவைத்து அதன் பக்கத்திலேயே புது நாற்று நடுவது நம் பக்கம் நிறையப் பேர் செய்வது. தண்ணீர் அருமையான ஊரில் அந்த ஆசை புரிகிறது. ஆனால் பழைய வயல்தான் நோய்க்குக் கிடங்கு.

கண்டனூர் கொல்லை:
நானும் இடையில் வருகிறேன். எங்கள் கொல்லையில் எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை மூன்றும் இருக்கின்றன. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன முறை போகும்போது மரத்தில் பறித்த கறிவேப்பிலை கொண்டுபோனேன். விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். எலுமிச்சை நோய் என்று ஏதோ சொன்னார்கள். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் என்ன? இதுவும் நீங்கள் பேசுகிற கிருமிதானா?

நுண்ணோக்கி (காரைக்குடி):
ஆச்சி, இது வேறு கிருமி, ஆனால் இதே வகைக் கதை. லிபரிபாக்டர் ஏசியாட்டிகஸ் என்று பெயர். இதையும் இதுவரை தனியாக வளர்த்து நிலைநிறுத்த முடியவில்லை, இதற்கும் பெயருக்கு முன் கேண்டிடேட்டஸ்தான். இதுவும் சல்லடைக் குழாயில்தான் வாழ்கிறது. ஆனால் இதற்குச் சுவர் உண்டு. முதலில் இதையும் பைட்டோபிளாஸ்மா மாதிரி என்றே நினைத்தார்கள். பென்சிலின் கொடுத்தபோது மரத்தில் அறிகுறி குறைந்தது, அப்போதுதான் இது சுவர் உள்ள வேறு இனம் என்று உறுதியானது. வாத்தியார் சாருக்கு வகுப்புக்கு இன்னொரு எடுத்துக்காட்டு.

இதைப் பரப்புவது டயாஃபொரினா சிட்ரி என்ற சில்லிட் பூச்சி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். சோதனைகளில் கறிவேப்பிலை மரத்தில் அந்த பாக்டீரியா நிலைகொள்ளவில்லை. ஆனால் இலையோடு பூச்சி போய்விடும், அதுதான் அவர்கள் பயம். புளோரிடாவில் 1998-ல் பூச்சி வந்தது, 2005-ல் நோய் தெரிந்தது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம், 2022-23-ல் 1.6 கோடிப் பெட்டிக்கு வந்துவிட்டது. புயலும் நகரப் பெருக்கமும் சேர்ந்திருந்தாலும் பெரிய காரணம் இந்த நோய். அதனால் அவர்கள் ஒரு கொத்தைக்கூட விடமாட்டார்கள். அது நியாயம்தான் என்று நினைக்கிறேன் ஆச்சி.

உங்கள் மரத்தைப் பார்க்க ஒரு வழி. துத்தநாகக் குறை என்றால் இலையின் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருக்கும். இந்த நோயில் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரித் திட்டுத்திட்டாக இருக்கும். காய் கோணலாகி, கசந்து, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாக நிற்கும். கொழுந்தில் வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்காரும் குட்டிப் பழுப்புப் பூச்சியோ வெள்ளை மெழுகு நூலோ இருந்தால் அது சில்லிட்.

கண்டனூர் கொல்லை:
வெள்ளை நூல் கறிவேப்பிலையில் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை நன்றாகத்தான் காய்க்கிறது. மருந்து அடிக்கவா?

நுண்ணோக்கி (காரைக்குடி):
வேண்டாம் ஆச்சி. சமையலுக்குப் பறிக்கிற இலை அது. சில்லிட்டின் குஞ்சுக்கு அடியில் முட்டையிட்டு அதைக் கொல்லும் டமாரிக்சியா ரேடியாட்டா என்ற சிறு குளவி நம் துணைக்கண்டத்துப் பூச்சி. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபிலிருந்து 1922-ல் விவரிக்கப்பட்டது. கலிபோர்னியாக்காரர்கள் 2011-லிருந்து பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து கொண்டுபோன குளவியை விடுகிறார்கள். மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். கொழுந்தைக் கவாத்துச் செய்து எரித்தால் போதும். எலுமிச்சைக் கன்றை மட்டும் கண்ட இடத்தில் வாங்காதீர்கள். ஒட்டுக்கன்றில் நோய் ஒளிந்து வரும்.

சிங்கம்புணரித் தென்னை:
தென்னை பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் மரம் வாடினால் எல்லாமே வேர் வாடல் நோய் என்று பயமுறுத்துகிறார்கள். அதுவும் இந்தக் கிருமியா?

பழைய ஏஓ (தேவகோட்டை):
கேரள வேர் வாடல் நோய் பைட்டோபிளாஸ்மாதான். 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் தெரிந்தது. ஓலையின் கீற்று விறைப்பு இழந்து உள்பக்கம் வளையும். மரம் சட்டென்று சாகாது, காய்ப்புதான் படிப்படியாக விழும். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒரு தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தார் கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்ற ரகங்களை நோய் மிகுந்த தோட்டங்களில் நலமாக நின்ற மரங்களிலிருந்து உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் தேனி, தென்காசி, கோவைப் பக்கம், அதாவது மலையை ஒட்டிய பகுதிகளில் அது இருக்கிறது. நம் சமவெளியில் அடிக்கடி பார்ப்பது தஞ்சாவூர் வாடல். அது 1952 புயலுக்குப் பிறகு தஞ்சையில் தெரிந்த கானோடெர்மா பூஞ்சாணம். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடியும், அடி ஓலைகள் தொங்கும். அதற்கு வேப்பம்புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, போர்டோ கலவை எல்லாம் பலன் தரும். வேர் வாடலுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. முதலில் அடிமரத்தைப் பாருங்கள்.

சிங்கம்புணரித் தென்னை:
அடியில் நீர் வடிகிறது. அப்படியானால் தஞ்சாவூர் வாடல். நன்றி ஐயா, இதுவே பாதிப் பயத்தைப் போக்கியது.

மானாவாரி (கல்லல்):
டெட்ராசைக்ளின் கேட்கிறது என்றார்களே, அதையே கத்தரிக்கு அடித்தால் என்ன? கடையில் கிடைக்கிறது.

நுண்ணோக்கி (காரைக்குடி):
அண்ணே, தயவுசெய்து வேண்டாம். அது கிருமியை அடக்கி வைக்கும், ஒழிக்காது. நிறுத்தினால் அறிகுறி திரும்பி வரும். புளோரிடாவில் வேறு வழியில்லாமல் 2022-லிருந்து ஆரஞ்சு மரத்தண்டில் ஊசியாகப் போடுகிறார்கள், அதையும் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. இலையில் அடித்தால் சல்லடைக் குழாய்க்குப் போய்ச் சேருவது சொற்பம், மண்ணுக்கும் கிணற்றுக்கும் போவதுதான் அதிகம். மனிதருக்குக் கொடுக்கும் மருந்து அது. மண்ணில் எதிர்ப்பு வளர்ந்தால் நம் பிள்ளைகளுக்கு அது பயன்படாமல் போகும். பயிரில் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டதும் இதனால்தான். கத்தரி சில மாதப் பயிர். ஒரு செடியைக் காப்பாற்ற இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வேதியியல் வாத்தியார் (புதுவயல்):
எங்கள் பள்ளி மாணவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா? மரபணுவைப் பெருக்கிக் கிருமியைக் கண்டறியும் பிசிஆர் சோதனை எங்களால் ஆகாது. நுண்ணோக்கி மட்டும் இருக்கிறது.

நுண்ணோக்கி (காரைக்குடி):
முடியும் சார். டீன்ஸ் சாயம் என்று ஒன்று இருக்கிறது, சாதாரண நுண்ணோக்கியே போதும். நோயுள்ள தண்டை மெல்லிய குறுக்குவெட்டாக எடுத்துச் சாயத்தில் போட்டால் சல்லடைக் குழாய்ப் பகுதி நீலமாகப் பிடிக்கும். நலமான செடியில் அப்படிப் பிடிக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. எந்தக் குழு என்று சொல்வதற்கு மட்டும் பிசிஆரும், பாக்டீரியாவை இனம் பிரிக்க உதவும் 16எஸ் மரபணு வாசிப்பும் தேவை. அதை நான் செய்கிறேன்.

மானாவாரி அண்ணே, பிடுங்குவதற்கு முன் புதரான இரண்டு மூன்று செடியிலிருந்தும் நலமான ஒரு செடியிலிருந்தும் இலைக்காம்பும் நடு நரம்பும் எடுத்துத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஐஸ் வைத்த பெட்டியில் கொடுத்தனுப்புங்கள். எள்ளிலும் அதே மாதிரி. பொறியில் ஒட்டிய தத்துப்பூச்சி பிசினில் மாட்டிக் கெட்டுவிடும். காலையில் வலையால் வீசிப் பிடித்து ஆல்கஹால் புட்டியில் போட்டால் பூச்சிக்குள்ளும் தேடிப் பார்க்கலாம். உறையில் தேதி, ஊர், நட்ட நாள் எழுத மறக்காதீர்கள்.

பழைய ஏஓ (தேவகோட்டை):
மாதிரி எடுக்கும் முன் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். செட்டிநாடு மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் பக்கத்தில்தான். எள் விதைக்கும் காலத்தை மாற்றினால் தத்துப்பூச்சி வரத்திலிருந்து தப்பலாம். எந்தப் பட்டத்தில் நம் வட்டாரத்தில் பூச்சி குறைவு என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு விதையுங்கள்.

மானாவாரி (கல்லல்):
சரி. மாதிரியை நாளை காலை எடுத்து, காரைக்குடி வரும் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். எடுத்த கையோடு செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுகிறேன். எள்ளுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவரும் சம்மதம்.